பழைய ஸ்கீ போட்டில் ப்ளோயர் ஓடவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து வைத்தாலே போதாதா?

போதாது. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ப்ளோயர் என்பது எஞ்சின் அறையில் சேரும் பெட்ரோல் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி. இந்த விஷயத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கிண்டல் கொஞ்சநஞ்சமில்லை, அதை எங்கேயாவது கொட்ட வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், இருபது முப்பது வருஷப் பழசான, எஞ்சின் உள்ளேயே இருக்கும் இன்போர்டு போட் ஒன்றை மலிவாகப் பிடித்திருப்பீர்கள். விற்றவர் "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லியிருப்பார். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டால் ப்ளோயர் மட்டும் பேசாது. சனிக்கிழமை ஏரிக்குப் போகத் திட்டம், விருந்தாளிகளுக்கும் சொல்லியாயிற்று. இந்த ஒன்றுக்காகப் பயணத்தை நிறுத்துவதா என்று யோசிக்கிறீர்கள். சரிதானே?

நான் மெக்கானிக் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவுக்கு வடக்கே லேனியர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் சாதாரண ஐடி ஆள். சில வருஷங்களாக, தண்ணீரில் சறுக்குபவர்களைக் கயிற்றில் இழுக்கும் பழைய ஸ்கீ போட் ஒன்று வைத்திருக்கிறேன். எஞ்சின் நடுவில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் டைரக்ட் டிரைவ் வகை. ஃபோர்டு 351 எஞ்சின், கார்புரேட்டர் வைத்தது.

அதை வாங்கப் போன அன்றே ப்ளோயர் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. போட் விற்பவர் வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் நின்றது. ப்ளோயர் ஓடுமா என்று கேட்டேன். "ஓடாம? கேளுங்க" என்று சுவிட்சைத் தட்டினார். கம்மென்று நல்ல சத்தம். அவர் முகத்தில் பெருமை. நான் போட்டின் பின்பக்கம் போய், காற்று வெளியேறும் துவாரத்துக்கு எதிரே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தேன். அது அசையவே இல்லை. "இந்த போட்ல அப்படித்தான், காத்து கம்மியாத்தான் வரும்" என்றார். கம்மியாக வந்தாலும் பேப்பர் ஆட வேண்டாமா?

எஞ்சின் பெட்டியைத் தூக்கி, பின்னால் தளத்துக்கு அடியில் டார்ச்சுடன் தலையை விட்டுப் பார்த்தேன். ப்ளோயர் சுற்றுகிறது. ஆனால் அதிலிருந்து பின்பக்கத் துவாரத்துக்குப் போகும் ஹோஸ் அடிப்பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. பழைய வினைல் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் அப்பளமாகி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் மட்டும் மிச்சம். அதாவது ப்ளோயர் உள்ளே இருக்கும் காற்றை எடுத்து உள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு முனை அதைவிட அழகு. எஞ்சினுக்கு அடியில் பில்ஜ் வரை, அதாவது போட்டின் அடிப்பள்ளம் வரை, இறங்க வேண்டிய ஹோஸை யாரோ பாதியில் வெட்டி, கார்புரேட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், கீழே இருந்தபோது பில்ஜ் தண்ணீரை உறிஞ்சியதாம்.

இந்த இரண்டாவது வேலைதான் ஆபத்தானது. உங்கள் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே வராது. கீழே இறங்கி, பில்ஜில் போய்த் தங்கும். சமையல் கேஸ் கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும் என்று ஊரில் சொல்லிக் கொடுப்பார்களே, அதே கதைதான். ஆனால் அடுக்களைக்குக் கதவு இருக்கிறது, திறந்தால் கேஸ் தரையோடு வாசல் வழியாகப் போக வழி உண்டு. போட்டின் அடிப்பாகத்துக்கு ஏது வாசல்? நாலாபக்கமும் அடைத்த தொட்டி அது. நீங்கள் மேலே மூடியைத் திறந்து வைத்தால் மேலே இருக்கும் காற்றுதான் மாறும். அடியில் கிடப்பது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதைக் கீழிருந்து உறிஞ்சி எடுத்து வெளியே தள்ளத்தான் ப்ளோயர். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியிலும் உறிஞ்சும் ஹோஸின் வாய், எஞ்சின் அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள், வழக்கமான பில்ஜ் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. தண்ணீர் உறிஞ்சினால் ஹோஸை இரண்டு விரல் தூக்கிக் கட்டலாம். கார்புரேட்டர் வரை தூக்குவதற்கு அது என்ன பதக்கமா?

எவ்வளவு பெட்ரோல் இருந்தால் வெடிக்கும் என்று கேட்பீர்கள். காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றும், சுமார் 7.6 சதவீதம் வரை பற்றும். எஞ்சின் அறையை ஒரு கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 14 லிட்டர் ஆவி போதும். ஒரு மில்லி பெட்ரோல் ஏறத்தாழ 0.2 லிட்டர் ஆவியாக விரியும். ஆக, 100 மில்லிக்கும் குறைவாகக் கசிந்து ஆவியானாலே கணக்கு நிறைந்துவிடும். அதுவும் சீராகக் கலந்தால் என்ற கணக்கு. அடியில் தேங்கும்போது அங்கே மட்டும் அந்த அளவை எட்ட இதைவிடக் குறைவாகவே போதும்.

பொறிக்கு மட்டும் என்ன பஞ்சம்? ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் போட்டுக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உள்ளே பொறி வந்தாலும் வெளியே இருக்கும் ஆவியைப் பற்ற வைக்காத மாதிரி தனியாகக் கட்டியிருப்பார்கள். பார்த்தால் கார் சாமான் மாதிரியேதான் இருக்கும், அப்படியே பொருந்தவும் செய்யும். விலை மட்டும் வயிற்றெரிச்சல். அதனால் ஆட்கள் கார் கடையில் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த அந்த போட்டிலும் கார் ஆல்டர்னேட்டர்தான் இருந்தது. ஹோஸ், ஆல்டர்னேட்டர் இரண்டையும் காட்டிப் பேசியதில் விலை நன்றாகவே இறங்கியது; மனுஷர் முகமும்தான்.

வாங்கி வந்து முதல் வேலையாக இரண்டு பக்க ஹோஸையும் மாற்றினேன், கிளாம்ப் போட்டு இறுக்கினேன், கீழ் முனையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தினேன். சாமான் செலவு அதிகமில்லை. தளத்துக்கு அடியில் குப்புறப் படுத்து வேலை செய்ததில் முதுகுதான் ஒரு வாரம் பேசியது. இப்போது டிஷ்யூவைப் பிடித்தால் பறந்துவிடும்.

இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். "எங்க மாமா முப்பது வருஷமா ப்ளோயர் போடாமத்தான் ஓட்டறாரு" என்பார்கள். ஓட்டட்டும், அவர் போட்டில் கசிவு இல்லை, அவ்வளவுதான். "என்னோடது அவுட்போர்டு" என்பவர்களே, உங்கள் எஞ்சின் வெளியே தொங்குகிறது, இது உங்களுக்கான பேச்சில்லை. டீசல்காரர்களுக்கும் இதே பதில். டீசல் சாதாரண வெயிலில் இப்படி ஆவியாகாது. எஞ்சின் முழுக்கத் திறந்தவெளியில் இருக்கும் போட்டுக்கு விதியில் விலக்கு உண்டே என்று சட்டம் பேசுபவருக்கு: உண்டு, ஆனால் ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்து வைப்பதால் உங்கள் ஸ்கீ போட் அந்த வகையில் சேராது. "என்னோடது ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்புரேட்டர் இல்லை" என்பவரும் தப்பிக்க முடியாது. அங்கே குழாயில் அழுத்தம் அதிகம். கசிந்தால் சொட்டாது, பீய்ச்சும்.

டாஷ்போர்டில் மஞ்சளோ ஆரஞ்சோ நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அல்லது இருந்து வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். எஞ்சினைக் கிளப்பும் முன் ப்ளோயரை நான்கு நிமிடம் ஓட்டு, பில்ஜில் பெட்ரோல் ஆவி இருக்கிறதா என்று பார் என்று எழுதியிருக்கும். 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டிய, பெட்ரோல் எஞ்சின் உள்ளே வைத்த போட்டுகளுக்கு ப்ளோயரும் கட்டாயம், அந்த எச்சரிக்கையும் கட்டாயம். எல்லாரும் அதில் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். முகர்ந்து பார்க்கச் சொல்லும் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ப்ளோயர் ஆவியைத்தான் எடுக்கும். பில்ஜில் திரவமாகப் பெட்ரோல் கிடந்தால் நாள் முழுக்க ஓட்டினாலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் நான் செய்வது இது: முதலில் பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவேன். வாசனை இல்லையென்றால் ப்ளோயர், நான்கு நிமிடம், மறுபடி மூக்கு, பிறகு சாவி. முதலிலேயே குப்பென்று பெட்ரோல் அடித்தால் ப்ளோயர் சுவிட்சைக்கூடத் தொட மாட்டேன். ஆட்களை இறக்கிவிட்டு, கசிவைத் தேடுவேன். மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப் இருக்கும் எஞ்சினென்றால் அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சின்ன கண்ணாடி மாதிரிக் குழாயைப் பாருங்கள். அதில் பெட்ரோல் தெரிந்தால் பம்புக்குள் இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

காலையில் ஒருமுறை ஓட்டினால் நாளுக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்கீ போட் வேகமாகப் போகும்போது காற்று தானாகவே உள்ளே புகுந்து வெளியேறும். ஆனால் நம் வேலையே போவதும் நிற்பதும்தானே. ஒருவர் விழுவார், திரும்பிப் போவோம், கயிறு கொடுப்போம், ஐடிலில் காத்திருப்போம். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாரும் தண்ணீரில் குதிப்பார்கள். அப்போதுதான் சூடான எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவி கிளம்பும். கால் மணி கழித்து ஈரக்கையோடு வந்து சட்டென்று சாவியைத் திருப்புவதுதான் எனக்குக் காலைக் கிளப்பலைவிடப் பயம். மெதுவாகப் போகும்போதெல்லாம் என் ப்ளோயர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோல் போட்டு முடித்த பிறகும் அதே நான்கு நிமிடம், அதே மூக்கு.

இந்த நான்கு நிமிடத்தைத்தான் என் விருந்தாளிகளால் தாங்க முடியாது. "என்னங்க, பிளைட் கிளப்புற மாதிரி பண்றீங்க" என்பார் ஒருவர். "எங்க டெஸ்லாவுல ஏறி உக்காந்தா போதும்" என்பார் இன்னொருவர். சொல்லட்டும். கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கத்திலிருந்து பத்து மணிக்கு வருகிறேன் என்று பன்னிரண்டரைக்கு வருபவர்களுக்கு நான்கு நிமிடம் எங்கிருந்து கனக்கிறது என்பதுதான் புரியவில்லை. வந்ததும் செல்ஃபி. பிரியாணி டப்பா கொண்டு வருவார்கள், மறுக்கவில்லை, நல்ல பிரியாணிதான். அந்த எண்ணெய்க் கறை என் சீட்டில் இன்றும் இருக்கிறது. நாள் முழுக்கக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு சுற்றினால் டேங்க் எப்படிக் காலியாகும் என்று எனக்கும் பெட்ரோல் பங்குக்கும்தான் தெரியும். "எவ்வளவு ஆச்சு அண்ணே?" என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்டால் நான் வாங்கப் போவதில்லை, அது வேறு. சாயங்காலம் போட்டைக் கழுவும் நேரத்தில் எல்லாருக்கும் வீட்டில் அவசர வேலை வந்துவிடும். சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

ப்ளோயர் இருக்கிறதே என்று எஞ்சின் ஓடும்போது பின்பலகையில் குழந்தைகளை உட்கார விடாதீர்கள். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, ப்ளோயர் அதற்கான மருந்தும் இல்லை.

உங்கள் ப்ளோயருக்கு வருவோம். சத்தமே இல்லை என்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு சுவிட்சின் பின்னால் துருப்பிடித்த இணைப்பு, அதன் பிறகுதான் மோட்டார். மோட்டார் போயிருந்தால் பழைய ஹோஸின் விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மூன்று அங்குலமும் உண்டு, நான்கு அங்குலமும் உண்டு. போட்டுக்கென்றே செய்த, பொறி வெளியே வராத ப்ளோயராகப் பார்த்து வாங்குங்கள். கார் ரேடியேட்டர் ஃபேனையோ கம்ப்யூட்டர் ஃபேனையோ மாட்டும் யூடியூப் வீடியோக்களும் கண்ணில் படும், அந்தப் பக்கம் போகாதீர்கள். மோட்டார் வர நாளாகும் என்றால் இந்தச் சனிக்கிழமை விருந்தாளிகளைக் கரையிலேயே உட்கார வைத்து பார்பிக்யூ போடுங்கள், சீட்டில் புதுப் பிரியாணிக் கறையாவது படாது.