காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சு அடைக்கிறதா?

கேள்வி: கொழும்பில் கடை வேலை பார்த்த என் தம்பிக்கு (வயது 24) கொரோனா வந்து சுகமாகி மூன்று வாரம். எங்கள் லயத்தையே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) 14 நாள் மூடி வைத்தார்கள். இப்போது காய்ச்சலும் இருமலும் இல்லை. ஆனால் இரவில் திடீரென்று மூச்சு அடைக்கிறது, விரல் மரத்துப் போகிறது, செத்துவிடுவேன் என்று அழுகிறான். விரலில் மாட்டும் ஒட்சிசன் மெஷினை ஓயாமல் பார்க்கிறான். பக்கத்துக் காம்பராக்காரர்கள் (லயத்தின் அடுத்த அறையில் இருப்பவர்கள்) முகம் கொடுப்பதில்லை. கோயிலில் கயிறு கட்டலாம் என்கிறார் அம்மா. என்ன செய்வது? — வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். ஒருமுறையாவது தம்பியை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு இதயத்தில் கோளாறு வருவது அபூர்வம்தான், ஆனாலும் பார்க்காமல் "பயம்தான்" என்று சொல்லிவிடக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடினாலோ காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

அந்த மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிரில் விறைத்த விரலில் அது இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் சதவீதத்தைக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, 5 நிமிடம் உட்கார்ந்து, விரலை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்த பிறகு வரும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஹட்டன் போன்ற உயரமான இடங்களில் எல்லோருக்குமே ஒன்றிரண்டு குறையும். சந்தேகமென்றால் அதே மெஷினை உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள். உங்களுக்கும் 95 என்றால் அவருக்கு 95 வருவதில் ஆச்சரியமில்லை. திரும்பத் திரும்ப 94க்குக் கீழே போனால் வைத்தியரிடம் காட்டுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். மற்ற நேரம் மெஷின் உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஐந்து நிமிடத்துக்கு நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதிக்காகவே மனம் மறுபடி பார்க்கச் சொல்லும்.

நீங்கள் எழுதியிருப்பது பீதித் தாக்குதல் (திடீரென்று வரும் கடும் பயம், panic attack) போலத் தெரிகிறது. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. விரலும் உதட்டோரமும் மரத்துப் போவது அதனால்தான். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்நேரம் "நல்லா மூச்சை இழு" என்று சொல்லாதீர்கள், அது இன்னும் மோசமாக்கும். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் எண்ணுங்கள். 5 நிமிடம் போதும். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம். ஒட்சிசன் உண்மையிலேயே குறைந்திருந்தால் ஆபத்து.

அடுத்தது தூக்கம். பகல் 2 மணிக்குப் பிறகு தேத்தண்ணீரை நிறுத்துங்கள். நம் பக்கத்தில் இது கஷ்டம்தான், ஆனால் தேத்தண்ணீரில் குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும். எல்லோரும் ஒரே காம்பராவில் படுக்கும்போது "தூக்கம் வராவிட்டால் வேறு அறைக்குப் போ" என்ற புத்தக அறிவுரை பயன்படாது. அடுப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காரட்டும், போன் இல்லாமல். கண் சொக்கும்போது வந்து படுக்கட்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும், வேலை இல்லாவிட்டாலும், நீங்கள் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கூடுவது) எழும்பும் நேரத்தில் அவரும் எழும்ப வேண்டும். வட்சப் குரல் பதிவுகளுக்கும் செய்திக்கும் பகலில் அரை மணி ஒதுக்குங்கள், இரவில் ஒன்றும் வேண்டாம். தூக்கத்துக்காகச் சாராயம் குடித்தால் முன்னிரவு தூங்கிப் பின்னிரவு விழித்துக்கொள்வார். தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்புகூட வரலாம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வைத்தியர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிப் பிரயோசனமில்லை. தொற்று முடிந்துவிட்டது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ தோட்ட நலன்புரி உத்தியோகத்தரோ லயத்தில் வந்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கேட்டு வாங்குங்கள். தம்பியின் பயத்தில் பாதி அந்த மூடிய கதவுகளில் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டாம், அம்மாவுக்கு அது ஆறுதல். ஆனால் கிளினிக்குக்குப் பதிலாக அது ஆகாது.

இரண்டு வாரம் தொடர்ந்து பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்து, சாப்பாட்டிலும் பேச்சிலும் விருப்பமில்லாமல் இருந்தால் மனநல கிளினிக் தேவை. சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், களைநாசினியையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்துவிட்டு 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம்.

வைத்தியரிடம் "நெஞ்சு அடைக்குது" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் கேஸ்டிரிக் மாத்திரையோடுதான் திரும்புவீர்கள். வாரத்தில் எத்தனை இரவு, எத்தனை நிமிடம், எப்போது தொடங்கியது, என்ன பயம் என்று துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள். மனச்சோர்வு மருந்து தந்தால் குணம் தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டலோ படபடப்போ வரலாம். அதைப் பார்த்துத்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். நிறுத்துவதற்கு முன் கிளினிக்கில் கேளுங்கள்.