கொசுவா, மாட்டு ஈயா?

கே: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர், மீட்டிங் தவறாமல் லாரித் தண்ணீர்க் கணக்கைக் கேட்டு நைநை என்று உயிரை எடுக்கிறார். 'கொசு' என்று பேர் வைத்திருக்கிறோம். சாக்ரடீஸுக்கும் இப்படி ஒரு பூச்சிப் பேர் உண்டாமே, நிஜமா?
— ஒரு வாசகி, வேளச்சேரி

ப: நிஜம்தான். ஆனால் ஊர் வைத்த பேர் இல்லை, அவரே வைத்துக்கொண்டது. கி.மு. 399-ல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அவர் பேசியதாகப் பிளாட்டோ எழுதிவைத்ததில் வருகிறது: இந்த ஊர் ஒரு பெரிய ஜாதிக் குதிரை, உடம்பு பெருத்து மந்தமாகிவிட்டது, அதைக் கடித்து உசுப்பக் கடவுள் அனுப்பிய ஈ நான் என்கிறார். நம்மூர் மாட்டு ஈ வகை அது. கொசு மாதிரி நைசாக ஊசி போடாது. கத்தி போன்ற வாயால் தோலைக் கீறி, வடிகிற ரத்தத்தை நக்கும், அதனால்தான் மாடு அப்படித் துள்ளுகிறது. தூக்கத்தில் எழுப்பிவிட்ட எரிச்சலில் என்னை ஒரே அடியாக அடித்துவிட்டு, மிச்ச நாளையும் தூங்கியே கழிப்பீர்கள் என்றும் அங்கேயே சொன்னார். அடித்தும்விட்டார்கள், விஷக் கோப்பையால்.

கொசு யாரையும் உசுப்ப வருவதில்லை. முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும், அவ்வளவுதான். நாம் விடும் மூச்சின் கரியமிலவாயுவை மோப்பம் பிடித்து வருவதால் முகத்தையும் காதையும் சுற்றியே பாடுகிறது. (கடிப்பது பெண் கொசு மட்டும், அந்த வகையிலும் உங்கள் ஆளுக்குப் பேர் இடிக்கிறது.) தண்ணீர்க் கணக்குக் கேட்பவருக்கு அதில் தனியாக என்ன கிடைக்கப்போகிறது? அவர் சாக்ரடீஸ் கட்சி. கணக்கைக் காட்டிவிடுங்கள், கொசுப் பேரை வாங்கின கைமாத்தைத் தராமல் மறுபடி வந்து நிற்கிறவருக்கு வையுங்கள். அப்புறம், மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா என்றும் அந்த மீட்டிங்கிலேயே கேளுங்கள். கூவத்துக் கொசு வேறு ஜாதி. டெங்கு பரப்புவது உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

கே: அட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறான் என்கிறோமே, அட்டையும் பூச்சிதானா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

ப: இல்லை, மண்புழுவுக்குச் சொந்தம். திட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் அட்டை வயிறு நிறைந்ததும் தானே விழுந்துவிடும், நீங்கள் சொல்கிற ஆள் விழுவாரா?