நூறு நாள் கூலி

அன்புள்ள அக்கா,

பல வருடங்களாக 4டி லாட்டரிச் சீட்டு எடுக்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், இனித் தொடமாட்டேன் என்று பொருத்தனை பண்ணினேன். பிப்ரவரியில் மறுபடியும் வாங்கிவிட்டேன். நான் உடைத்த மூன்றாவது பொருத்தனை இது. திருவிருந்து நாளில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகாமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்கும் மன்னிப்பு உண்டா? வீட்டிலும் நிம்மதி இல்லை. 2017இல் என்னிடம் 6,200 வெள்ளி வாங்கிய தம்பியோடு பேச்சில்லை, அம்மாவுக்கு வருத்தம்.

ஒரு வாசகர், செங்காங், சிங்கப்பூர்

தம்பி,

உண்டு. பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9ஐ ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள், அதில் எத்தனையாவது முறை என்ற பேச்சே கிடையாது. இன்னொரு பொருத்தனை வேண்டாம். சம்பளம் வந்ததும் வங்கி அட்டையை மனைவியிடம் கொடுங்கள், சூதாட்டப் பழக்கத்துக்கான உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தகுதியில்லாமல் திருவிருந்தில் பங்கெடுக்கக் கூடாது என்கிற கொரிந்தியர் நிருபத்துக்குப் பயந்து பின்வரிசையில் உட்காராதீர்கள். இல்லாதவர்கள் பசியோடு இருக்கும்போது முந்திக்கொண்டு தின்று குடித்தவர்களைத்தான் பவுல் அங்கே கண்டிக்கிறார், அழுதுகொண்டு வருகிறவனை அல்ல.

சரி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் மத்தேயு 18ஐயே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. ஏழு வருஷத்துக்கும் மேலான கடன், அந்த இருநூறு வெள்ளிகூட விட்டுப்போகாமல் நினைவிருக்கிறது உங்களுக்கு! இயேசுவின் சீஷன் பேதுருவும் இப்படித்தான், சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது, ஏழுதரமட்டுமோ என்று எண்ணிக்கை கேட்டார். அதற்குப் பதிலாக இயேசு சொன்னதுதான் அந்த ஊழியக்காரன் கதை. அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி, மொத்தம் ஆறு கோடி நாள். எந்த மனுஷனால் உழைத்து அடைக்க முடியும்? அதை ராஜா ஒரே வார்த்தையில் விட்டுவிட்டார். வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தான்.

பிரசங்கத்தில் அந்த நூறைச் சில்லறைக் காசு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும். நூறு வெள்ளிப்பணம் என்றால் நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பத்தின் சோறு. இயேசு அதைச் சின்னத் தொகை என்று சொல்லவே இல்லை. உங்கள் 6,200 வெள்ளியும் சின்னத் தொகை இல்லை. உங்கள் தம்பி செய்தது தப்புதான். தப்பே இல்லையென்றால் மன்னிக்க என்ன இருக்கிறது?

என் அக்கா கல்யாணத்துக்கென்று எங்கள் அப்பா சீட்டுக் கட்டி வைத்த பணத்தைத் துறைமுகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். பல வருஷம் கழித்து, பாட்டி இறந்தபோது அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடல் வைத்திருந்தோம், அன்றைக்கு வந்தார். உள்ளே வரத் தயங்கி, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றார். அப்பா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடலைத் தட்டை அவர் பக்கம் தள்ளி, பானப் பொட்டலத்தில் ஸ்ட்ராவைக் குத்திக் கையில் கொடுத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கடன்காரன்தான், இல்லேன்னு யார் சொன்னா? சாப்பிடட்டும்" என்றார் அப்பா. அதற்கப்புறம் அந்த மனிதர் மறுபடி பணம் கேட்டு வந்தபோது, கொடுக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியும் அனுப்பினார். மன்னிப்பதென்றால் திரும்பவும் ஏமாந்து நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மன்னிக்கவே பயப்படுகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ராஜா முதலில் மன்னித்தார், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் ஒழுங்கான பிறகுதான் கிருபை வரும் என்று காத்திருந்தால் சாகும்வரை பின்வரிசைதான். தன் கணக்கைக் கிழித்துப்போட விடாதவனுக்கு அடுத்தவன் கணக்கைக் கிழிக்கக் கை எப்படி வரும்? "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று கர்த்தருடைய ஜெபத்தில் வாரம் தவறாமல் வாய்விட்டுச் சொல்கிறீர்கள், பிறகு வீட்டுக்குப் போய்த் தம்பி நம்பரை ஒதுக்கியே வைத்திருக்கிறீர்கள். பெற்ற தாய் இரண்டு பிள்ளைக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறார், அதற்குக் கடிதத்தில் அரை வரிதானா?

அடுத்த திருவிருந்துக்கு எழுந்து போங்கள். உங்கள் தம்பியையும் போனில் கூப்பிடுங்கள். எது முதலில் என்று கேட்டு எனக்கு எழுத வேண்டாம். பணப் பேச்சை முதல் நாளே எடுக்காதீர்கள், அம்மா உடம்பைப் பற்றிப் பேசுங்கள். தம்பி போனை எடுக்காவிட்டால் மறுநாளும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா