சொக்சோ சந்தா கட்டியவருக்கு இருதய சிகிச்சை எங்கே கிடைக்கும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 53. பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாக மெஷின் ஆப்பரேட்டராக வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட். நெஞ்சு வலி என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் சொக்சோவை (மலேசியத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடங்களிலும் இதே பதில்தான். சொக்சோவை ஏற்கும் இருதய நிபுணர் பினாங்கில் யாராவது இருக்கிறார்களா? இப்படி மறுப்பது சட்டப்படி சரியா? இதற்கிடையில், உடல்நலம் சரியில்லாதவர் வேலையை விட்டுவிடுவதே நல்லது என்று கம்பெனியில் ஒரு ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

மருத்துவமனைகள் சொன்ன பதில், கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், சட்டப்படி தவறல்ல. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ நடத்துவது பொதுவான மருத்துவக் காப்புறுதி அன்று. அதில் இரண்டு திட்டங்கள் உள்ளன. வேலை விபத்துத் திட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்படும் காயத்துக்கும் தொழில்சார்ந்த நோய்க்கும் உரியது. சொக்சோவின் பட்டியலில் உள்ள பேனல் கிளினிக்கிலோ அரசாங்க மருத்துவமனையிலோ இலவச சிகிச்சை என்பது இந்தத் திட்டத்தில்தான் வருகிறது. இதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுகிறார். உங்கள் கணவரின் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் சொக்சோ என்று பிடிக்கப்படும் ஏறக்குறைய அரை விழுக்காட்டுத் தொகை, இயலாமைத் திட்டம் என்ற மற்றொன்றுக்குப் போகிறது. அது ஓய்வூதியம் தரும் திட்டமே தவிர, மருத்துவமனை பில்லைக் கட்டும் திட்டமல்ல. ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியும் ஆபத்து நேரத்தில் பயனில்லையே என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. அந்தப் பணத்துக்குரிய உரிமை வேறிடத்தில் இருக்கிறது.

வலி வேலை நேரத்தில், பளு தூக்கும்போதோ தொடர்ந்து இரட்டை ஷிப்ட் பார்த்தபோதோ வந்திருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள். மாரடைப்பை வேலை விபத்தாக நிலைநாட்டுவது எளிதல்ல என்றாலும், சம்பவ நேரம், அன்றைய வேலை, உடனிருந்தவர்களின் சாட்சியம் ஆகியவற்றைப் பொறுத்து அந்த வாதத்துக்கு இடமுண்டு.

சிகிச்சைக்கு நீங்கள் போக வேண்டிய வழி அரசாங்க மருத்துவமனைதான். நம் நாட்டில் அதை நடத்துவது வரிப்பணம் என்பதால் அங்கே எந்தக் காப்புறுதியையும் காட்ட வேண்டியதில்லை; குடிமகன் என்ற அடையாள அட்டையே போதும். தனியார் மருத்துவர் எடுத்த இசிஜி, இரத்தப் பரிசோதனை முடிவுகள், அவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கிருந்து நிபுணர் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டால் ஒரு வருகைக்குக் கட்டணம் 5 ரிங்கிட். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு நேராகப் போனால் முதல் வருகைக்கு 30 ரிங்கிட். ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையில் இருதயப் பிரிவு இருக்கிறது. தேவையென்று அங்குள்ள நிபுணர் கருதினால் கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகத்துக்கும் அனுப்பி வைக்கலாம்.

அடைப்பை நீக்கி இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் போன்ற சாதனத்தின் விலையை நோயாளியே ஏற்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், அதைக் கேட்டுத் திகைத்துத் திரும்பிவிடாதீர்கள். அந்த மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணி அதிகாரியைப் பார்த்து, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் மூலமாக விண்ணப்பியுங்கள். உங்கள் குடும்பம் அரசாங்கத்தின் ரஹ்மா ரொக்க உதவி பெறுவதாக இருந்தால், குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கான பெக்கா பி40 என்ற சுகாதார உதவித் திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். கணவரின் இபிஎப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் அக்காவுன் செஜாத்ரா கணக்கிலிருந்து கடுமையான நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம்; ஆனால் அது முதுமைக்கான காசு, இந்த வழிகளையெல்லாம் பார்த்த பிறகே அதில் கை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலி மீண்டும் வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சுத் திணறினால், நிபுணரைப் பார்க்கக் கொடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் 999க்கு அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உயிர்காக்கும் அவசர நடவடிக்கையைத் தேவைப்படுபவர் எவருக்கும் அளிக்கத் தனியார் மருத்துவமனையும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பில் வராது என்று பொருளல்ல; நிலைமை சீரானதும் அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லி உடனே கேளுங்கள்.

இனி அந்த ராஜினாமா கடிதம். இப்படிப்பட்ட கடிதங்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. மலாய் மொழியில் தட்டச்சுச் செய்து, "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற சொற்களைத் தவறாமல் சேர்த்து, கீழே கையெழுத்துக்கு மட்டும் கோடு போட்டிருப்பார்கள். அந்தச் சொற்கள் உங்கள் கணவரின் உரிமைகளைப் பறித்துவிடும். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்த தொழிலாளியை நோயின் காரணமாக முதலாளி நிறுத்தினால், 1980ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் ஒழுங்குமுறையின்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம், அதாவது உங்கள் கணவருக்கு 380 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். தாமாகவே விலகியவருக்கு அந்தப் பலன் இல்லை. மேலும், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு மேல் 60 நாளும் அவருக்கு உண்டு. இவற்றை அவர் பயன்படுத்தும் முன்பே வெளியேற்ற நினைப்பது முறையல்ல.

சிகிச்சைக்குப் பின்னும் அவரால் பழையபடி உழைக்க முடியவில்லை என்றால், மாதந்தோறும் அவர் கட்டிய பணம் அப்போது பேசும். நோய் நிரந்தரமானது, வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாது என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், 60 வயதுக்கு முன் இயலாமை ஓய்வூதியம் கிடைக்கும். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா என்பது முழுத் தகுதிக்கான ஒரு வழி. வேலையை விட்டு ஆண்டுகள் கடந்தபின் விண்ணப்பித்தால் அந்த வழி அடைபடலாம். உடல் தேறி வேலைக்குத் திரும்ப முடிந்தால் இன்னும் நல்லது; அதற்கும் சொக்சோவில் உதவித் திட்டம் உண்டு.

உங்கள் கணவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றால், அல்லது மறுத்ததற்காக நீக்கப்பட்டால், அன்றிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி புகார் கொடுக்க வேண்டும். கட்டாயத்தின் பேரில் வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமே என்று வாதிடலாம். யார், எந்தத் தேதியில், என்ன சொல்லிக் கடிதத்தை நீட்டினார் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுங்கள்.