ஆச்சி பெட்டியில் இருந்த வெள்ளி ரூபாய்க்கு என்ன விலை கிடைக்கும்?

டவுன் ரத வீதி நகைக்கடையில் எடைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 1835 முதல் 1939 வரை அடித்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி (1940 முதல் 1945 வரை பாதிதான்), அதனால் உலோக விலை எப்படியும் கிடைத்துவிடும், அதற்கு மேல் வருவதுதான் சேகரிப்பாளர் தரும் விலை. பழசு என்பதற்காக மட்டும் யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை அதே வருடத்தோடு பல ஆண்டுகள் அடித்தார்கள், தாராளமாகக் கிடைக்கும். ஆனால் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, திரும்பப் பெற்று உருக்கிவிட்டார்கள், அதனால் அதற்குத் தனி மதிப்பு. 1939 ரூபாயும் அரிது, போலியும் உண்டு, எடை பார்த்தே வாங்குங்கள்.

அப்புறம் காசின் நிலை. கிரீடமும் எழுத்தும் தேயாமல் இருக்கணும். நம்ம பக்கம் மாலை கோக்கக் கண்ணி பற்றவைத்த காசு எத்தனையோ வீடுகளில் இருக்கிறது, அதற்கு வெள்ளி விலைதான். தயவுசெய்து திருநீறோ பல்பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள்! கருப்பு படிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும், தேய்த்தால் கீறல் விழும், விவரம் தெரிந்தவர் உடனே விலையைக் குறைத்துவிடுவார்.