ரம்பம் துடைக்கும்போது போகும் விரல்: கேள்வி பதில்

மர அறுவை மில்லில் இருபத்திரண்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவன் நான். ரம்பத்தைச் சுத்தம் செய்யும்போது கையில் அடிபடுவது பற்றி நம் மதுரைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருமங்கலம்: அண்ணே, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தூள் தட்டினேன். அப்படியும் நடுவிரல் நுனி போய்விட்டதே?

அணைத்த உடனே பேண்ட்சா, அதாவது இரண்டு சக்கரத்தில் பட்டை மாதிரி ஓடும் ரம்பம், நிற்காது தம்பி. சக்கரம் அவ்வளவு கனம், கரண்ட் இல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கும். ஓடும்போது பல் தெரியாது, பளபளவென்று ஒரு கோடு மாதிரி இருக்கும், பக்கத்து மிஷின் இரைச்சலில் காதுக்கும் பிடிபடாது. நான் சக்கரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பட்டை அடித்து வைத்திருந்தேன். அந்தப் பட்டை அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும்.

கப்பலூர்: கரண்ட் போன நேரத்தில் துடைத்தால் என்ன?

கூடவே கூடாது. ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில், அதாவது கரண்ட் போனதும் இணைப்பை விடுவிக்கும் சுருள், சரியாக இருந்தால் கரண்ட் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாது. ஆனால் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்து மோட்டார் நின்றுவிடுகிறது என்று பச்சை ஸ்டார்ட் பட்டனில் குச்சி செருகி வைத்துவிடுகிறார்கள். எங்கள் மில்லிலும் அப்படித்தான் இருந்தது, காலையில் அந்தக் குச்சியைப் பார்த்தும் நான் பிடுங்கவில்லை, மதியம் கரண்ட் வந்தபோது ஒரு பையனுக்கு இரண்டு விரல் போனது. அதற்கப்புறம் ஃபியூஸ் கேரியரைக் கழற்றி, யார் கை உள்ளே போகிறதோ அவர் சட்டைப் பையில்தான் வைத்தோம், என் பையில் கூட இல்லை.

மேலூர்: கையுறை போட்டால் போதுமா?

சுற்றும் ரம்பத்துக்குப் பக்கத்தில் கையுறையே வேண்டாம், பல்லில் சிக்கினால் கையோடு இழுத்துக்கொள்ளும். நின்ற பிறகு பிளேடைக் கழற்றத் தோல் கையுறை போடுங்கள். ஓடும்போதே டீசல் துணி பிடித்துப் பிசின் எடுப்பதை விட்டுவிடுங்கள்.

உசிலம்பட்டி: விரல் துண்டாகிவிட்டால் ஐஸில் போடலாமா?

நேராகப் போடாதீர்கள் அக்கா, சதை கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

அவனியாபுரம்: நஷ்டஈடு கிடைக்குமா?

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். இல்லையென்றால் முதலாளி தர வேண்டும். சட்ட அட்டவணையில் கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் என்றால் 14. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) எழுதும்போது வீட்டில் அரிவாள் பட்டது என்று சொல்லச் சொல்வார்கள், சொல்லாதீர்கள். மில்லில், ரம்பம் துடைக்கும்போது, இத்தனை மணிக்கு என்று எழுத வைத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.