வெயில் ஊர்க்காரிக்கு வெயில் தாங்கவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் நாகர்கோவில். கல்யாணம் முடிந்து, விசா வந்து, மே மாதக் கடைசியில்தான் ரியாத்துக்கு வந்தேன். கணவர் இங்கே சைட் இன்ஜினியர். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, ஏதோ பஸ் இன்ஜின் பக்கத்தில் நிற்கிறோம் போல என்று நகர்ந்து நின்றேன். நகர்ந்த இடத்திலும் அதே காற்றுதான்.

இப்போது ஆகஸ்ட். பகலில் 44, 45 டிகிரி. உதடு வெடிக்கிறது, காலையில் மூக்கில் ரத்தம் கசிகிறது. மதியம் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, அதில்தான் அரிசி கழுவுகிறேன். பால்கனியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் அப்பளமாக விறைத்துவிடுகிறது. ஊரில் ஐப்பசி மழைக்கு மூன்று நாளாகியும் காயாத துணியை அம்மா வீடு முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிடுவாள். போன வாரம் காய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். துணி காய்ந்ததற்கு யாராவது அழுவார்களா?

அம்மாவிடம் சொன்னால், "நம்ம ஊர்ல இல்லாத வெயிலா மக்ளே?" என்கிறாள். அத்தையோ, "அவன்தானே வெயில்ல நிக்கான், நீ ஏசியிலதானே இருக்க" என்கிறார்கள். அதுவும் உண்மைதான். அவர் 4 மணிக்கு எழுந்து போகிறார். 12 மணிக்கு வேலை நின்றதும் வந்து சாப்பிட்டுப் படுப்பார். சாயங்காலம் மறுபடி ஆபீஸ். 7.30க்கு வந்தால் 9 மணிக்குத் தூங்கிவிடுவார். எனக்குத் தூக்கம் வர 3 மணி ஆகிறது, எழும்போது 11. ஜன்னல் திரையை விலக்குவதே இல்லை. எதற்கெடுத்தாலும் அவர்மேல் எரிந்து விழுகிறேன். ஊருக்கே போய்விடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

முதலில் அம்மாவுக்கான பதில். நாகர்கோவில் வெயிலும் ரியாத் வெயிலும் பெயரில் மட்டும்தான் ஒன்று. உங்கள் ஊரில் கடல் காற்று உண்டு, இரண்டு பருவமழையும் உண்டு, கொஞ்சம் சூடு ஏறினாலே வியர்வை வழியும். ரியாத் கோடையில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீரை மறந்துவிடுவோம். உடம்பில் தண்ணீர் குறைந்தாலே தலைவலி, அசதி, சள்ளென்ற கோபம் எல்லாம் வரும். அதனால் எரிந்து விழுவதை முழுக்க உங்கள் குணத்தின் கணக்கில் எழுதாதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள், அடர்த்தியாகப் போனால் தண்ணீர் போதவில்லை. உப்புப் போட்ட மோரும் நல்லது. ஏசியும் காற்றை உலர்த்தும், எனவே ராத்திரி அறையில் ஓர் ஈரத் துண்டைத் தொங்கவிடுங்கள், மூக்கினுள் லேசாக வாசலின் தடவுங்கள்.

அத்தை சொன்னது தலைகீழாகத்தான் உண்மை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் பட்டால் 10, 14 நாளில் உடம்பு பெரும்பாலும் பழகிவிடும். உங்கள் கணவருக்கு அது பழகிவிட்டது. மூன்று மாதமாக ஏசியில் இருக்கும் உங்களுக்கு, வாசலைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த இடம் வேறு. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது. அதனால் சைட் வேலை இருட்டோடு ஆரம்பிக்கிறது. அவர் கடிகாரம் முன்னால் போய்விட்டது, உங்களுடையது பின்னால் வழுக்கிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட். மதியச் சாப்பாட்டு நேரமும் இரவில் ஒன்றரை மணி நேரமும்தான் இருவரும் சேர்ந்து விழித்திருக்கிறீர்கள். அதிலும் மதியம் நீங்கள் தூக்கக் கலக்கத்தில், இரவில் அவர் களைப்பில். சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சீக்கிரம் படுக்க முயன்று பிரயோஜனமில்லை, தூக்கம் வராது. 4 மணிக்கு அவரோடு எழுந்துவிடுங்கள். சேர்ந்து ஒரு டீ. 5 மணிக்குக் கீழே இறங்கி இருபது நிமிடம் நடங்கள். அப்போதும் சூடாகத்தான் இருக்கும், ஆனால் வெயில் ஏறியிருக்காது. வந்ததும் திரையை விலக்குங்கள், தூக்க நேரத்தைச் சரிசெய்வது காலை வெளிச்சம்தான். மதியம் அவரோடு அரை மணி நேரம் கண்ணயரலாம். முதல் வாரம் படு அவஸ்தையாக இருக்கும், சொல்லிவிட்டேன். வியாழன் இரவு 10 மணிக்குமேல் ஒரு பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். பாய் விரித்து, பிளாஸ்க்கோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் நள்ளிரவில் பந்து விளையாடும். கோடையில் அந்த ஊரின் பகல் அதுதான்.

ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி. அவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி குறைவது வேடிக்கைதான், ஆனால் திரை போட்ட வீட்டுக்குள் வெயில் ஏது?

ஊருக்குப் போவதை ஆகஸ்டில் முடிவு செய்யாதீர்கள். ரியாத்தின் மோசமான மாதங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே போய் ஸ்வெட்டர் தேடுவீர்கள், அப்போது யோசிக்கலாம். ஆனால் இரண்டு வாரமாக அநேகமாக நாள் முழுக்க அழுகை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு என்றிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அங்கேயே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவிடம் டிகிரிக் கணக்கு சொல்லாதீர்கள். அந்தத் துணிக் கதையை அப்படியே சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

அப்புறம், அரிசி கழுவும் தண்ணீர். வளைகுடாவில் நாள்பட்டவர்கள் கோடையில் கீசரை அணைத்துவிடுவார்கள். மாடித் தொட்டி கொதித்தாலும், வீட்டுக்குள் ஏசிக் குளிர்ச்சியில் இருக்கும் கீசரில் தண்ணீர் ஆறியிருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வரும்.